விருந்தாளி கண்ணில் யாழ்ப்பாணப் பட்டினம்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



யாழ்ப்பாணப் பட்டினம் புத்துயிர் பெற்றுவிட்டது என்று இன்று பலரும் சொல்லுகிறார்கள். சொல்பவர் யார் என்று சற்று நிதானித்துப் பார்த்தால், அவர்களுட் பெரும்பாலார் இப்பட்டினத்தில் வாழாதவர்கள் என்பது புலப்படும். கொழும்பிலிருந்து வருபவர் சொல்லுகிறார். கனடாவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவர் சொல்லுகிறார். கடன் கொடுக்கும் ஸ்தாபனத்தின் அறிக்கை சொல்லுகிறது. முதுகிலே பையைச் சுமந்து வரும் ஐரோப்பிய இளைஞரும் சொல்லுகிறார். அவர்கள் கூறுவது பொய் என்று வாதாட நாம் இங்கு வரவில்லை. அவர்கள் கண்ணிற் படுவது எது, படாதது எது, அவர்கள் கண்ணுக்காக நாம் என்னென்ன செய்யத் தலைப்பட்டிருக்கிறோம் என்பனவற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் தென்னிலங்கைப் பிரயாணியை எடுத்துக்கொள்வோம். 2009ஆம் ஆண்டில் ஏ-9 வீதி மீண்டுந் திறக்கப்பட்டபின் பஸ் பஸ்ஸாக மக்கள் வந்தார்கள். 1990இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபர் 13ஆந் திகதி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. வருபவர் நயினாதீவுக்குப் போகிறார், நூலகத்தின் முன் நின்று படம் எடுக்கிறார், பனங்கட்டி வாங்கிக்கொண்டு திரும்புகிறார். 1959இல் திறக்கப்பட்ட அந்த நூலகம் 1981 மே 31ஆந் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. எரிந்த கட்டடத்தை ஞாபகச் சின்னமாக அப்படியே விட்டு, புதிய நூலகத்தை வேறிடத்தில் எழுப்பவேண்டும் என்று நம்மில் ஒரு சாராரும், பழைய உருவிலேயே மீளக் கட்டவேண்டும் என்று மற்றொரு சாராரும் வாதாடியது உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளைச் சுவரை மாத்திரம் காண்பவருக்கு அந்த வாதம் தெரிய நியாயமில்லை. சுவர் ஆறிவிட்டது, ஆதலால் புண்ணும் ஆறிவிட்டது என்று எண்ணி அவர் நிம்மதியோடு ஊர் திரும்புகிறார். அந்த நிம்மதி அவருக்குத் தேவையாயிருக்கிறது.

மேனாட்டுப் பிரயாணிக்கோ புதுச் சுவரில் நாட்டமில்லை. அவருக்குப் பிடித்தது இடிபாடு. பறங்கியர் கட்டத் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, பின்னர் ஐங்கோணமாகத் திருத்தி அமைத்த கோட்டையின் கொத்தளத்தில் மாலை வேளையில் நின்று கடல்நீரேரியைப் பார்ப்பதில் அவர் சொக்கிப் போகிறார். அது சொக்கத்தக்க காட்சியே. ஆனால் கோட்டையை விட்டு இறங்கிப் பட்டினத்துக்குள் வந்தபின்பும், கூரையிழந்து ஆலங்கன்று முளைத்த வீட்டைக் கண்டு ‘எவ்வளவு அழகு!’ என்று படம் பிடிக்கிறாரே, அந்த வீடு அதன் சொந்தக்காரருக்கு அழகன்று. உறுதி ஒருவர் கையில், பங்காளிகள் மூன்று நாட்டில், வழக்கோ கோட்டில்!

மூன்றாமவர் நம் சொந்த உறவினர். அவரை அந்நியர் என்று சொன்னாற் கோபிப்பார். ஆயினும் 35 ஆண்டு வேறு நாட்டில் வாழ்ந்தவரின் கண் வேறு கண்தான். அவருக்கு ஒரே வேளையில் இரண்டு யாழ்ப்பாணம் வேண்டும். ‘வின்ஸர் எங்கே, றீகல் எங்கே, நான் சைக்கிளில் திரிந்த ரவுண் எங்கே?’ என்று ஏங்குபவரும் அவரே. குளிரூட்டிய கல்யாண மண்டபம் இல்லையா, வெளிநாட்டுக் கோழிப் பொரியல் கிடைக்காதா என்று கேட்பவரும் அவரே. 2013இல் ஆஸ்பத்திரி வீதியிற் கார்கில்ஸ் ஸ்தாபனத்தார் பலமாடிக் கடைத்தொகுதி திறந்தபோது அவர் மகிழ்ந்தார். அடுத்த ஆண்டு வந்தபோது, ‘எங்கள் ஊர் கொழும்பு மாதிரிக் கெட்டுப் போய்விட்டது’ என்று வருந்தினார். அவர் அனுப்பும் பணத்தில் நம்மிற் பலருடைய அடுப்பு எரிகிறது என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் அப்பணம் எதைக் கட்டுகிறது என்று கவனியுங்கள். அவர் விடுமுறையில் வந்து தங்கும் 3 கிழமைக்கு ஏற்றவற்றை அல்லவா அது பெரும்பாலும் கட்டுகிறது?

ஆலோசகரைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. 2014இற் கண்டிக்கும் காலிக்கும் என ஆரம்பித்த உலக வங்கிக் கடன்திட்டம் 2016இல் யாழ்ப்பாணத்துக்கும் விரிக்கப்பட்டது. வீதி, வடிகால், பொதுவெளி என்று வேலை நடந்தது. நடந்த வேலையிற் பயனில்லை என்று சொல்வது நன்றிகெட்ட பேச்சாகும். ஆனால் கடன் கடன்தான். அதைத் தீர்க்கப்போகிறவர்களிடம் எது முதலில் வேண்டும் என்று எத்தனை தடவை கேட்டார்கள்?

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். 1981ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் யாழ்ப்பாண மாநகரத்தில் வாழ்ந்தோர் 118,000க்கு மேற்பட்டோர். 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் 88,138 பேர். இடையிலே 31 ஆண்டுகள். மற்ற நகரங்கள் பெருத்த காலத்தில் நம் நகரம் ஏறத்தாழ 30,000 பேரை இழந்து நின்றது. ஆனால் காலை 10 மணிக்குப் பஸ் நிலையத்தில் நின்று பார்ப்பவர், இங்கே சனம் நிறைந்து வழிகிறது என்றே எழுதுவார். அந்தச் சனம் யார்? நீங்கள்தான். புத்தூரிலிருந்தும் அளவெட்டியிலிருந்தும் வேலணையிலிருந்தும் காலையில் வந்து, ஆஸ்பத்திரி, கச்சேரி, வங்கி, கோடு, கடை என்று அலைந்து, மாலையில் திரும்பும் நீங்கள்தான். இரவு 8 மணிக்குக் கஸ்தூரியார் வீதியில் நடந்து பாருங்கள். பட்டினத்தின் சொந்தப் பலம் எவ்வளவு என்பது அப்போது தெரியும்.

ஆகவே, பட்டினத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுள் முதல்வர் கமக்காரரே. ஆனால் அவருடைய அபிப்பிராயத்தை எந்த அறிக்கையும் எழுதுவதில்லை. வெங்காயச் செய்கைக்காரர் ஒருவரை அண்மையில் ஆஸ்பத்திரி வீதியிற் கண்டு, பட்டினம் எப்படி இருக்கிறது என்று கேட்டோம். “கட்டடமெல்லாம் வடிவுதான் தம்பி. மனிசிக்குக் கிளினிக் எண்டு விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு வந்தனாங்கள். மூட்டையை இறக்கி வைச்சுக் குந்தியிருக்க ஒரு நிழல் எங்கை? பொம்பிளையள் ஒதுங்க ஒரு இடம் எங்கை?” என்றார். இதற்கு நாம் விடை சொல்ல முடியவில்லை. நெடுந்தூரப் பஸ்களுக்கென 2021இல் நல்லதொரு நிலையம் திறக்கப்பட்டது. கொழும்புக்குப் போகிறவருக்கு வசதிதான். எந்தப் பஸ் எங்கே நிற்பது என்று அரச சாலையினரும் தனியாரும் தகராறுபட்ட காலமெல்லாம், உள்ளூர்ப் பிரயாணி வழமைபோல வெயிலில் நின்றார்.

விருந்தாளி கண்ணிற் சற்றும் படாத இன்னொன்று உண்டு. அது நிலத்துக்குக் கீழே இருக்கிறது. நமது மண்ணின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். மழைநீர் அதனூடே இறங்கி நன்னீராய் நிற்கிறது. அதையே கிணற்றில் அள்ளுகிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கல்லினூடேதான் மலக்குழியின் கசிவும் இறங்குகிறது, தோட்டத்துக்கு இடும் உரத்தின் நைத்திரேற்றும் இறங்குகிறது. நகர் முழுவதற்குமான கழிவுநீர்க் குழாய் அமைப்பு இன்றுவரை இல்லை. மாடி மேல் மாடி எழுகிறது. ஒவ்வொரு மாடியின் கழிவும் போய்ச் சேரும் இடம் பக்கத்து வளவுக் கிணற்றுக்குச் சில பாகந் தூரத்திலேயே உள்ளது. பழையவர்கள் வெட்டிவைத்த குளங்கள் மழையைத் தாங்கி நிலத்துக்குள் இறக்கின. பலவற்றை நாமே குப்பை கொட்டித் தூர்த்தோம், சிலவற்றின் மேற் கட்டடமும் எழுப்பினோம். 2024 நவம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் நீர் வந்ததென்று அழுதவர்களுள், வாய்க்காலை மூடி மதில் கட்டியவர்களும் இருந்தார்கள். இது குற்றச்சாட்டு அன்று. நம்மை நாமே பார்த்துச் சொல்லுவது. 2021இல் ஆரியகுளம் தூர்வாரப்பட்டு அழகுபடுத்தப்பட்டது நல்ல காரியம். அங்கே மாலையில் காற்று வாங்குவோர் எத்தனையோ பேர். ஆனால் காற்று வாங்கத்தக்க குளம் ஒன்றோடு காரியம் முடிந்துவிடுமா? பயணிகள் வராத ஒழுங்கைகளில் உள்ள குளங்களும் குளங்கள்தாமே?

குடிநீர்க் கதை இன்னும் பாடம் நிறைந்தது. இரணைமடுக் குளத்து நீரைக் குழாய் வழியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர முதலிலே திட்டமிட்டார்கள். கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். எங்கள் வயலுக்கே நீர் போதாதே என்று கேட்டார்கள். பட்டினத்தில் இருந்த சிலர் அவர்களைச் சுயநலக்காரர் என்று ஏசினார்கள். நாம் அப்படி ஏசமாட்டோம். வயல்காரனின் நீரை எடுத்துப் பட்டினத்து மாடியில் ஊற்றும் அபிவிருத்தி நெடுநாள் நிலைக்காது. ஈற்றிலே கடல்நீரைக் குடிநீராக்கும் வழியை நாடினார்கள். 2024 ஓகஸ்ட் மாதம் தாளையடி நிலையம் திறக்கப்பட்டது. செலவு கூடிய வழிதான். ஆனால் கமக்காரரின் மறுப்பு ஒரு திட்டத்தையே திருப்பியது என்பதை இங்குள்ளவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். கேட்கத் தெரிந்தால் கேட்கவைக்கலாம்.

இனி அந்தப் பெரிய மாளிகைக்கு வருவோம். புல்லுக்குளத்தின் அருகே, நூலகத்துக்குப் பக்கத்தில், இந்திய அரசின் நன்கொடையால் எழுந்த கலாசார நிலையம் 2023 பெப்ரவரி 11ஆந் திகதி மக்களிடம் கையளிக்கப்பட்டது. 11 மாடிக் கோபுரம், 600 பேர் இருக்கத்தக்க அரங்கம், நூதனசாலை எல்லாம் உண்டு. தூரத்திலிருந்து வருபவர் கண்ணில் முதலிற் படுவது அதுவே. நன்கொடையை நாம் இகழவில்லை. நம் பிள்ளைகள் அந்த மேடையில் ஆடுகிறார்கள், பாடுகிறார்கள். அதிலே பெருமை உண்டு. ஆயினும் 2025 சனவரியில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டினார்கள். திருவள்ளுவர் பெயரை எந்தத் தமிழன் வேண்டாமென்பான்? ஆனால் ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல் அந்தப் பெயரிலிருந்து விழுந்துபோயிற்று. எதிர்ப்பு எழுந்தபின்னரே அது மீண்டும் சேர்க்கப்பட்டது. கட்டடம் நம் ஊரில், பெயர் நம்மைக் கேளாமல்!

கேட்பதற்கு அப்போது யார் இருந்தார்கள்? 2023 மார்ச் மாதத்தோடு நாட்டின் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போடப்பட்டது. 2025 மே 6ஆந் திகதிவரை, இரண்டு ஆண்டுக்கு மேலாக, நாம் தெரிந்தெடுத்த மாநகர சபை ஒன்று இருக்கவில்லை; உத்தியோகத்தரே நடத்தினர். 1949ஆம் ஆண்டு மாநகர சபையாக உயர்ந்த பட்டினம் இது. புத்துயிர் பெற்றது என்று பிறர் மெச்சிய அந்த ஆண்டுகளிலே, தன் பேச்சைத் தானே பேச முடியாமல் அது இருந்தது. எந்தப் பிரயாணியின் படத்திலும் இது விழவில்லை.

இவ்வளவும் சொன்னதால், அயலார் கண் குருட்டுக் கண் என்று நாம் முடிவுகட்டியதாக எண்ணவேண்டாம். நாம் பழகிப்போய்க் காணாமல் விட்டதை அவர்கள் சில வேளை ஒரு நொடியிற் காண்கிறார்கள். வெளியூர் அன்பர் ஒருவரோடு ஒருமுறை சோனகத் தெருப் பக்கமாக நடந்துபோனோம். பள்ளிவாசலையும் ஒஸ்மானியாக் கல்லூரியையும் பார்த்தார். பாழடைந்த சுவர்களையும் பார்த்தார். ‘பட்டினம் முழுவதும் கட்டுகிறீர்களே, இந்தப் பக்கம் மட்டும் ஏன் இப்படி?’ என்று கேட்டார். ‘யுத்தம்’ என்றோம். அந்த விடை பாதி உண்மை. 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணி நேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகளாற் கட்டளையிடப்பட்டார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து அப்போது வெளியேற்றப்பட்டோர் 70,000க்கு மேற்பட்டோர். இரும்புக் கடை, தையற் கடை, நகைக் கடை என்று பெரிய கடைத்தெருவின் வியாபாரத்தில் ஒரு பெரும் பங்கு அவர்களுடையதாய் இருந்தது. உங்கள் வீட்டுக் கதவுக்குப் பிணைச்சலும், தோட்டத்து இறைப்பு இயந்திரத்துக்கு உதிரிப் பாகமும் யாரிடம் வாங்கினீர்கள் என்று வயது போனவர்கள் நினைத்துப் பாருங்கள். சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். பலர் இன்னும் புத்தளத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அதுவே ஊராகிவிட்டது. நம்முடைய நூலகத்தை எரித்தவர்களை நாம் மறக்கவில்லை. நாம் வாய்மூடி நின்ற அந்த நாளையும் மறக்க உரிமையில்லை. அந்த அன்பருக்கு மறுநாள் முழு விடையையும் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை.

நேரம் ஆகிவிட்டது, கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கவேண்டியவர்கள் இருக்கிறீர்கள். வாசலில் உள்ள மேசையில் ஒரு மனு வைக்கப்பட்டிருக்கிறது. மாநகர சபைக்கு எழுதியது. பட்டினத்துக்கென வரும் ஒவ்வொரு திட்டத்தின் வரைபடமும் செலவுக் கணக்கும், வேலை தொடங்குமுன், தமிழில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும் என்றும், சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அருகே வெளியூராருக்கு நிழலும் பெண்களுக்கு ஒதுக்கிடமும் வேண்டும் என்றும், எல்லைக்குள் உள்ள குளங்கள் அனைத்தும் அளந்து எல்லைக்கல் நாட்டப்படவேண்டும் என்றும் அதில் இருக்கிறது. சோனகத் தெருவுக்கு வடிகாலும் வீதி விளக்கும் வேண்டும் என்ற நான்காவது கோரிக்கையை இன்று காலையிற் சேர்த்தோம். அது பேனையால் எழுதப்பட்டிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டின வாசிகள் மட்டுமே கையொப்பமிடலாம் என்று ஒருவர் சொன்னார். அப்படி ஒரு சட்டமும் இல்லை. ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.