தேர்தல் தொண்டர் கற்க வேண்டியவை

(உன்னிச்சையில் நடைபெற்ற மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தேர்தல் வந்துவிட்டால் நம்மூர் இளைஞர்க்கு ஊணுமில்லை, உறக்கமுமில்லை. ஒருவருக்காக வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்பது இழிந்த தொழிலன்று. ஆறுமுக நாவலர் அவர்களே 1879ஆம் ஆண்டிலே, சட்டநிரூபண சபைக்குப் பொன். இராமநாதன் அவர்கள் தமிழர் பிரதிநிதியாதல் வேண்டுமென்று யாழ்ப்பாணத்திலே கூட்டங்கூட்டி உழைத்தார். அக்காலத்தில் பொதுசனங்களுக்கு வாக்கில்லை, நியமிப்பவர் தேசாதிபதி. 1931இலே சர்வசன வாக்குரிமை வந்தபின், குடிசையிலிருப்பவரின் வாக்கும் மாளிகையிலிருப்பவரின் வாக்கும் ஒரே நிறையாயின. ஆகவே தொண்டன் பொறுப்பும் பெருகிற்று.

என் குறையொன்றை இங்கே மறையாது சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பிரதேச சபைத் தேர்தலொன்றிலே நானும் ஒருவருக்காகப் பேசப் போனேன். “எங்களவர் வென்றால் உன்னிச்சைக் குளக்கட்டு உயரும், சிறுபோகத்திலே கடைக்கண்டம் வரை தண்ணீர் பாயும்” என்று முழங்கினேன். வேலியோரம் நின்ற கமக்காரப் பெரியவர் ஒருவர், “தம்பி, குளக்கட்டு உங்கட சபைட கையிலயா கிடக்கு?” என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. “அதெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார், பெரியப்பா” என்றேன். அவர் சிரிக்கவுமில்லை, சினக்கவுமில்லை, வயலுக்குப் போய்விட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பெருங்குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. நீர் திறக்கும் நாள் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலே தீர்மானமாவது. பிரதேச சபையின் கையிலிருப்பவை ஊர்வீதி, தெருவிளக்கு, சந்தை, நூல்நிலையம், மயானம் போன்றவை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தைப் பின்னரே படித்தேன். முன்னரே படித்திருந்தால் அப்பெரியவரிடம் பொய் சொல்லியிரேன்.

ஆதலின் தொண்டன் கற்க வேண்டியவற்றுள் முதலாவது சட்டம். பாராளுமன்றத் தேர்தலிலே கட்சிக்கு ஒரு புள்ளடியும், விரும்பினால் அக்கட்சி வேட்பாளர் மூவர் வரைக்கும் விருப்பு வாக்கும் இடலாம். 2018ஆம் ஆண்டு முதலாக உள்ளூராட்சித் தேர்தலிலே விருப்பு வாக்கில்லை. ஒரு புள்ளடி மட்டுமே. இதனைக் கிழவிக்கும் விளங்கச் சொல்லத் தெரியாதவன் எத்தனை சுவரொட்டி ஒட்டியும் பயனென்ன? இலஞ்சம், ஆள்மாறாட்டம், பயமுறுத்தல் ஆகியவை குற்றமென்பதையும் அவன் அறிந்திருத்தல் வேண்டும். அறியாமல் செய்தேன் என்பது நீதிமன்றிலே நில்லாது.

இரண்டாவது திருக்குறள். பொருட்பாலிலே சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்னும் மூன்றதிகாரங்களும் மேடையேறுவோர்க்கென்றே அமைந்தவை போலும். ஆயினும் அவற்றைப் படிக்குமுன் அறத்துப்பாலிலுள்ள வாய்மையையும் புறங்கூறாமையையும் படியுங்கள். வள்ளுவர் அறத்துப்பாலை முன்வைத்த முறையையே தொண்டனும் கைக்கொள்ளுதல் நன்று.

மூன்றாவது, வைகாசித் திங்களிலே நம் மட்டக்களப்புக் கண்ணகையம்மன் கோயில்களிற் படிக்கப்படும் கண்ணகி வழக்குரை. அதனைப் பக்தியோடு கேட்கிறோம். அதிலுள்ள அரசியலையும் கேட்டல் வேண்டும். அம்மை அழுதுகொண்டு மாத்திரம் அரசவைக்குப் போகவில்லை. சிலம்பைக் கையிலே கொண்டு போனாள், உடைத்துக் காட்டினாள், அரசன் தலை தாழ்ந்தான். குறையைச் சொல்பவன் கையிலே சான்றிருத்தல் வேண்டுமென்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்லக்கூடும்? 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் நமக்குண்டு. ஊர்வீதிக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டதென எழுதிக் கேட்டு, அவ்விடையோடு மேடைக்குச் செல்லுங்கள்.

நான்காவது காந்தியடிகளின் சத்தியசோதனை. பம்பாய் நீதிமன்றிலே முதல் வழக்கில் வாய் திறக்கமாட்டாது அமர்ந்துவிட்டவர் அவர். 1917இலே சம்பாரணிலே அவுரிக் குடியானவர்களின் வாக்குமூலங்களைத் தொண்டர்கள் எழுதியபோது, ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்து, நில்லாதவற்றைத் தள்ளினார்கள். தம் பக்கத்தார் சொல்லையும் சோதித்த பின்பே அவர்கள் ஏற்றார்கள். இன்றோ கைத்தொலைபேசியில் வந்த வதந்தியை ஒரு நொடியிலே நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறோம்.

இறுதியாக, எதிர்க்கட்சியாரின் விஞ்ஞாபனத்தையும் முழுவதும் படியுங்கள். அதிலே நல்லதிருந்தால் நல்லதென்று சொல்லுங்கள். தேர்தல் ஒரு நாளிலே முடியும். அடுத்த நாள் ஒரே வாய்க்காலிலே நீர் பாய்ச்சப் போகிறவர்கள் நாம். வாக்குக்காக மச்சானும் மச்சானும் முகம் பாராது வாழும் வீடுகள் நமக்குத் தெரியாதவையல்ல.

இம்மன்றத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. ஞாயிறு மாலைகளிலே ஒரு மணி நேரம் ஒருவர் படிக்க ஏனையோர் கேட்கும் வாசிப்பு வட்டமொன்றைத் தொடங்குங்கள். எந்தக் கட்சியாரும் வந்திருக்கட்டும், பெண்பிள்ளைகளும் வந்திருக்கட்டும். அடுத்த தேர்தலிலே அப்பெரியவர் வேலியோரம் நின்று கேட்பாராயின், விடை சொல்ல ஒருவராவது நம்மிடையே இருத்தல் வேண்டும்.

வாழ்க மன்றம்! வளர்க அதன் பணி!