கடிகாரமும் கண்ணாடியும்

(நமது அறக்கட்டளையின் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியனாகிய என்னை இலக்கியம் பேச அழைத்திருக்கிறார்கள் என்று எண்ணியே வந்தேன். செயலாளரோ, "ஐயா, ஏழைப் பிள்ளைகளுக்காக ஓடினீர்களே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். ஓடியது உண்மை. யாருக்காக ஓடினேன் என்பதில்தான் எனக்கே ஐயம் உண்டு. அந்த ஐயத்தையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் சொல்லாராய்ச்சி, பழக்கதோஷம், பொறுத்தருள்க. மாரத்தான் என்பது கிரேக்க நாட்டு ஊர் ஒன்றின் பெயர். அதன் மூலச்சொல் சோம்புச் செடியைக் குறிப்பதாகக் கூறுவர். சோம்பலை விரட்டும் ஓட்டத்துக்குச் சோம்பின் பெயர் வாய்த்திருக்கிறது! 1908 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில், வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி அரங்கத்தில் அரச குடும்பத்தார் அமரும் மாடத்தின் முன்பு முடியுமாறு வகுத்த தூரம் 42.195 கிலோமீட்டர். 1921 இல் அதுவே நிலையான அளவாயிற்று. ஆகவே பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தை மாரத்தான் என்பது பிழை. எங்கள் சுவரொட்டியில் அச்சொல்லை அடித்துத் திருத்தினேன். அச்சகத்தார், "மாரத்தான்னு போட்டாத்தாங்க ஆள் வரும்" என்றார். முப்பத்து நான்கு ஆண்டுகள் பிழை திருத்தியவன் அங்கே தோற்றேன்.

பணி ஓய்வுக்குப் பின் மருத்துவர் சொற்படி கிரிவீதியில் மாலை நடை தொடங்கினேன். நடை விரைந்தது, பின்னர் ஓட்டமாயிற்று. முதன்முறை பத்துக் கிலோமீட்டர் ஓடியபோது எழுபத்து நான்கு நிமிடங்கள் ஆயின. அன்றிலிருந்து எழுபது என்ற எண் என்னைப் பிடித்துக்கொண்டது. வாழ்நாளெல்லாம் பிறருக்கு மதிப்பெண் போட்டவனுக்குக் கடிகாரம் மதிப்பெண் போடத் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபது நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம். கேட்க எளிது. முதல் கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓடிவிட்டால் அரை நிமிடம் லாபம் என்று தோன்றும். அது லாபம் அன்று, கடன். எட்டாம் கிலோமீட்டரில் கால்கள் அதை வட்டியோடு திருப்பிக் கேட்கும். இந்த அவையில் வட்டிக்கணக்கு அறியாதவர் இல்லை. நான்தான் மூன்று முறை ஏமாந்து கற்றேன்.

தைப்பூசத்துக்குப் பன்னெடுந்தொலைவு நடந்து, பாதம் கொப்பளித்து நம் ஊருக்குள் வருவோரை ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களிடம் எத்தனை மணி நேரத்தில் வந்தீர் என்று எவரும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான்தான் நொடி எண்ணித் திரிந்தேன்.

இந்நிலையில் நண்பர்கள் சிலர் கூடி, அரசுப் பள்ளி மாணவர்க்கு மூக்குக்கண்ணாடி வாங்க ஓர் ஓட்டம் நடத்த முடிவு செய்தோம். கரும்பலகையைப் பார்த்துத் தவறாக எழுதும் பிள்ளையைக் கவனக்குறைவு என்று எத்தனை முறை கண்டித்திருக்கிறேன்! அவர்களுள் பலருக்குக் குறை கண்ணில் இருந்தது என்பது ஓய்வு பெறும் தறுவாயில்தான் எனக்குப் புலப்பட்டது. ஆகவே அந்தப் பணியில் உண்மையாகவே ஈடுபட்டேன்.

கூட்டத்தில் வாக்குவாதம் வந்தது. பெரிய ஓட்டங்களில் மார்பு எண் அட்டையின் பின்னே சிறு சிப் ஒன்று ஒட்டியிருக்கும். தொடக்கக் கோட்டிலும் முடிவுக் கோட்டிலும் தரையில் விரித்த பாய் அதைப் படித்துக்கொள்ளும். கூட்டத்தின் பின்வரிசையில் நின்றவருக்கும் அவர் கோட்டைக் கடந்த நொடியிலிருந்தே கணக்கு. அந்த வசதியை அமர்த்த வேண்டும், அப்போதுதான் நம் ஓட்டத்துக்குத் தரம் உண்டு என்று நான் நீண்ட நேரம் வாதிட்டேன். ஓய்வு பெற்ற அஞ்சலக ஊழியர் ஒருவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "அந்தச் செலவுல எத்தனை கண்ணாடி வாங்கலாமுங்க?" என்றார். பதக்கமும் பனியனும் வேண்டா என்று முதல் ஆளாகச் சொன்னவன் நான். சிப் மட்டும் வேண்டும் என்றேன். காரணம் தரமன்று, என் எழுபது நிமிடம். அதை அவையில் சொல்ல நாணினேன். இறுதியில் அவரே நிறுத்துகடிகாரமும் குயர் நோட்டும் ஏந்தி முடிவுக் கோட்டில் நிற்பதாக ஏற்றார்.

நேரத்தை நாடுவதும் அறத்தை நாடுவதும் பகையா என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். இரு பெரியோர் நினைவுக்கு வந்தனர். ஒருவர் கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ். புற்றுநோயால் 1977 இல் வலக்காலை இழந்தவர். 1980 ஏப்ரல் 12 இல் செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட நாட்டையே குறுக்காகக் கடப்பது நோக்கம். 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவ, செப்டம்பர் முதல் நாள் நிறுத்தினார். அடுத்த ஆண்டு மறைந்தார். அவர் பெயரால் நடக்கும் ஓட்டத்தில் போட்டி இல்லை, பரிசு இல்லை. நம் சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்திலும் அது நடந்திருக்கிறது.

மற்றொருவர் பஞ்சாபிலிருந்து இலண்டனில் குடியேறிய ஃபௌஜா சிங். 89 ஆம் வயதில் தம் முதல் மாரத்தானை ஓடினார். குறைமாதக் குழந்தைகளுக்கான தொண்டு அமைப்புக்காக ஓடினார். ஆனால் நேரத்தையும் விடவில்லை. 2003 இல் டொராண்டோவில், 92 வயதில், ஐந்து மணி நாற்பது நிமிடத்தில் முழுத் தூரத்தையும் முடித்தார். 2011 இல் நூறு வயதில் மீண்டும் அங்கே ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதால் கின்னஸ் ஏடு அதனை ஏற்கவில்லை. எனக்கு அந்த ஏட்டின்மேல் இன்னும் வருத்தம் உண்டு.

ஃபௌஜா சிங்கால் இரண்டும் இயன்றதே, நம்மாலும் இயலும் என்று முடிவு கட்டினேன். அவருக்கு ஓடுவது ஒன்றே வேலை என்பதும், எனக்கு வேறு வேலையும் இருந்தது என்பதும் அப்போது உறைக்கவில்லை.

என் வேலை தண்ணீர். ஊரிலிருந்து புறப்பட்டுச் சண்முகநதிப் பக்கம் சென்று திரும்பும் வழியில் மூன்று இடங்களில் மேசை போட்டு, தண்ணீர் கேன்கள் சேர்ந்தனவா என்று முன்னிரவே உறுதி செய்ய வேண்டியவன் நான். மறுநாள் கால் களைக்கக் கூடாது என்று எட்டரை மணிக்கே படுத்துவிட்டேன். வண்டிக்காரருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, அதைச் செய்யவில்லை.

காலை ஐந்தரைக்கு ஓட்டம் தொடங்கியது. ஐந்து கிலோமீட்டர் முப்பத்தைந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கணக்கு இம்மி பிசகவில்லை. ஆறாம் கிலோமீட்டர் மேசையில் மாணவியர் இருவர் வெறும் தம்ளர்களை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றனர். "ஐயா, தண்ணி இன்னும் வரலைங்க" என்றாள் ஒருத்தி. என் சட்டைப்பையில் கைப்பேசி இருந்தது. நின்று பேசினால் இரண்டு நிமிடம் போகும். "வரும் அம்மா, வரும்" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

முடிவுக் கோட்டில் நண்பர் நோட்டில் எழுதினார்: 69 நிமிடம் 48 நொடி.

அதன்பிறகுதான் வண்டிக்காரரை அழைத்தேன். கேன்களை ஏற்றிக்கொண்டு அவ்விடம் சென்றேன். பெரும்பாலோர் நாவறண்டு கடந்து போயிருந்தனர். மாணவர் ஒருவரின் தாயார் புளியமரத்தடியில் தலையைப் பிடித்தபடி அமர்ந்திருந்தார். நல்லவேளை, தண்ணீர் குடித்துச் சற்று இளைப்பாறியதும் தெளிந்து எழுந்தார். என்னை எவரும் குறை கூறவில்லை. அந்த மாணவி மட்டும், சிறிதும் கள்ளமில்லாமல், "ஐயா, நெனச்ச நேரம் கெடச்சுதுங்களா?" என்று கேட்டாள். கிடைத்தது என்றேன். அவள் கை தட்டினாள்.

நம் ஊருக்கு மேற்கே ஐவர்மலையில், பாண்டியன் வரகுணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870. குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர், பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, வழிபாட்டுக்கும் அடிகள் ஒருவரின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்தார் என்கிறது அது. யார் செய்தார், என்ன செய்தார், எவ்வளவு, எதற்கு: இவ்வளவே செய்தி. அதைச் செய்து முடிக்க அவருக்கு எத்தனை நாளாயிற்று என்ற குறிப்பு அங்கே இல்லை. பின்னொரு நாள் அம்மலைக்குச் சென்றபோது, குயர் நோட்டில் என் பெயருக்கு நேரே இருந்த எண் நினைவுக்கு வந்து உறுத்தியது.

வரவு செலவுக் கணக்கைக் காசு விடாமல் எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். கண்ணாடிகளும் வழங்கப்பெற்றன. இம்முறை கூட்டத்தில் நானே ஒரு விதி கொண்டுவந்தேன்: பொறுப்பு ஏற்றவர் ஓடக் கூடாது, ஓடுபவர் பொறுப்பு ஏற்கக் கூடாது. சிப் பற்றிய என் பழைய வாதத்தின் உண்மைக் காரணத்தையும் சொல்லிவிட்டேன். அஞ்சலக நண்பர், "எனக்கு அப்பவே தெரியுமுங்க" என்றார்.

ஓட்டத்தை விட்டுவிட்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. கோவையில் 2013 முதல் புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடந்துவரும் மாரத்தானில் பத்துக் கிலோமீட்டர் பிரிவும் உண்டு. அங்கே சிப்பும் உண்டு, தண்ணீர் வைப்பது வேறொருவர் பாடு. கட்டணம் செலுத்தி, அறுபத்தெட்டு நிமிடத்துக்கு முயல எண்ணியிருக்கிறேன். நம் ஊர் ஓட்டத்தன்றோ ஆறாம் கிலோமீட்டர் மேசையில் இருப்பேன். கேன்களை முந்தைய மாலையே என் வீட்டுத் திண்ணையில் இறக்கிவிடச் சொல்லியிருக்கிறேன். இங்கே இருக்கும் இளைஞர்களில் யாரேனும் ஐந்து மணிக்கு இருசக்கர வண்டியுடன் வந்தால், அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்க எளிதாக இருக்கும்.