முதலில் வாசல், பிறகு நாற்காலி

(அறக்கட்டளையின் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)





சென்ற ஆண்டு கல்வி உதவித்தொகை விழாவில் எங்களால் ஒரு தவறு நடந்தது. பேத்தி மேடை ஏறுவதைப் பார்க்கச் சக்கர நாற்காலியில் வந்த ஒரு மூதாட்டி, உள்ளே வர வழியில்லாமல் வெளியிலேயே இருந்துவிட்டுத் திரும்பினார். பெண்கள் பகுதியின் வாசலை, நாங்கள் கூடுதலாகப் போட்ட நாற்காலிகளே அடைத்திருந்தன.

அன்று தீப்பிடித்திருந்தால்? 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் பற்றிய தீயில் மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆகவே இவ்வாண்டு மண்டபத்தை முன்கூட்டியே கணினியில் வரைந்தோம். 'இங்க்ஸ்கேப்' என்ற இலவச மென்பொருளே போதுமானதாக இருந்தது. டேப் பிடித்து அளந்ததில் நீளம் 24 மீட்டர், அகலம் 15 மீட்டர். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால், படுக்கைவாக்கில் ஒரு ஏ4 தாளில் மண்டபம் முழுவதும் அடங்கிவிடும்.

முதலில் சுவர், மேடை, வாசல்கள், கதவு திறக்கும் பக்கம் ஆகியவற்றை ஒரு லேயரில் வரைந்து பூட்டினோம். இனி அவை கைதவறியும் நகராது. அடுத்து நடைவழிகள்: ஆண்கள், பெண்கள் பகுதிகளுக்கு நடுவே 2 மீட்டர், இரு சுவரோரமும் 1.2 மீட்டர், மேடைக்கு முன் 2 மீட்டர். கடைசியில்தான் நாற்காலி. 55 சென்டிமீட்டர் அளவில் ஒரு சதுரம் வரைந்து, 'டைல்டு குளோன்ஸ்' கட்டளையில் 17 வரிசை, வரிசைக்கு 9 என்று கொடுத்தால் ஒரு பகுதி நிரம்பிவிடும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் 90 சென்டிமீட்டர்.

500 பேர் அமரலாம் என்று மண்டபத்தில் சொல்லியிருந்தார்கள். படத்தில் வந்தது 306தான். முதல் வரிசையில் நடுவழியை ஒட்டி, பக்கத்துக்கு மூன்று நாற்காலிகளை எடுத்துவிட்டு, நான்கு சக்கர நாற்காலிகளுக்கு இடம் ஒதுக்கினோம். மீதி 300.

மற்றவர்களை என்ன செய்வது? வழியை அடைப்பதில்லை என்று முடிவெடுத்து, விழாவையே லுஹருக்கு முன், அஸருக்குப் பின் என்று இரண்டு அமர்வுகளாகப் பிரித்திருக்கிறோம்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இரண்டுதான். வீட்டில் நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் வருவதாக இருந்தால் முன்பே சொல்லுங்கள். படத்தில் அவர்களுக்கு இடம் குறித்து வைப்போம். விழா அன்று, எத்தனை பெரிய மனிதர் வந்தாலும் நடைவழியில் ஒரு நாற்காலிகூடப் போட விடாதீர்கள். நாங்களே போட்டாலும் தடுத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுத் திருமணத்துக்கும் இப்படி ஒரு படம் தேவையென்றால், மண்டபத்தின் அளவோடு வாருங்கள். நம் பிள்ளைகள் வரைந்து தருவார்கள்.

அந்த மூதாட்டியின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். இவ்வாண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். படத்தில் முதல் இடம் அவருக்குத்தான்.

அல்லாஹ் நமது முயற்சியை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.