ஒரு சலான் எழுதிக் குடுப்பா

வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, கறுப்பு அங்கிக்குள் வேர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே!

நான் முப்பத்தோரு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன். அதில் பாதிக் காலம் கடலூர்ப் பக்கத்துக் கிளைகளில். அந்நாளில் சட்டைப் பையில் பேனாவோடு வங்கிக்குள் வந்த யாரும் சீக்கிரம் வெளியே போனதில்லை. "தம்பி, ஒரு சலான் எழுதிக் குடுப்பா" என்று எழுதத் தெரியாதவர்கள் பாஸ்புக்கை நீட்டிவிடுவார்கள். கல்லூரிப் பிள்ளைகள்தான் அதிகம் மாட்டுவார்கள். பெயர், கணக்கு எண், தொகை, அதே தொகை எழுத்தால் இன்னொரு முறை. எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். பணம் எடுக்க வேண்டுமானால் கணக்குக்கு உரியவரேதான் கவுண்டருக்கு வந்து முகத்தைக் காட்டி, எங்கள் கண் முன்னால் கைநாட்டு வைக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவன் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரனாக இருந்தாலும் ஒரு பைசா எடுக்க முடியாது.

போன மாதம் ஒரு பிரௌசிங் சென்டரில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா. ரேஷன் கார்டில் பேரன் பெயரைச் சேர்க்க வந்திருந்தார். "ஓடிபி வரும், பாருங்க" என்றான் பையன். அவர் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, வெற்றிலைக்கும் சில்லறைக்கும் அடியிலிருந்து பட்டன் போனை எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடியும் அனுப்பினான். இந்த முறை போனையே அவன் கையில் கொடுத்துவிட்டார். அவன் ஆறு எண்களையும் சத்தமாகப் படித்தான். கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்டோம். அவனுக்குப் பின்னால் சுவரில் ஒரு நோட்டீஸ்: 'ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்.'

அந்த நோட்டீஸைப் போல எத்தனையோ நான் ஒட்டியிருக்கிறேன். வாசகத்தில் தப்பில்லை. ஆனால் படிக்கத் தெரிந்தவருக்கு எழுதிய வாசகம் அது. படிக்கத் தெரியாதவர் யாரிடமாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? சலான் காலத்தில் உதவி கேட்டவருக்கு நஷ்டம் எதுவும் வந்ததில்லை. இன்று உதவி கேட்பவர், வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

டிஜிட்டல் இடைவெளி என்றால் கருவி இல்லாத குறை என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தோம். 2011-இல் தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. 2016-இல் டேட்டா விலை சரிந்தது. இரண்டும் பெரிய காரியங்கள், மறுக்கவில்லை. கருவி கைக்கு வந்தது. கைக்கும் கருவிக்கும் நடுவே கிடக்கும் அந்த ஒரு சாண் மட்டும் அப்படியே கிடக்கிறது.

அந்த ஒரு சாணைப் பற்றி யோசித்தவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. தொலைபேசி சரியாக எட்டாத ஊர்களுக்கு ரேடியோ அலையில் தகவல் அனுப்பினார்கள். கரண்ட் போனால் சூரிய ஒளித் தகடு. எனக்குப் பிடித்தது அதுவல்ல. மையம் எந்தச் சாதிக்காரரும் தயங்காமல் உள்ளே வரக்கூடிய பொது இடத்தில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். நடத்தியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். யார் வீட்டுப் பெண் என்று ஊருக்கே தெரியும். அவரை நம்பி எதையும் கேட்கலாம்.

மீனவர் ஊரான வீராம்பட்டினத்தின் மையத்தில் அலை உயரம் பற்றிய தகவலை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்தார்கள். எடுத்ததைத் தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கடலுக்குப் போகிறவர் கம்ப்யூட்டரைத் தொட வேண்டியதில்லை, கரையில் வலையைச் சரிசெய்துகொண்டே கேட்டுக்கொள்ளலாம். இணையம் அவருக்கு வந்து சேர்ந்ததா இல்லையா? என்னைக் கேட்டால், இந்த மண்டபத்தில் போனை நோண்டிக்கொண்டிருக்கும் சிலரைவிட நன்றாகவே வந்து சேர்ந்தது.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலை. இதே போல ஒரு மையம் இருந்த நல்லவாடு கிராமத்துக்கு சிங்கப்பூரிலிருந்து அந்த ஊர் இளைஞர் ஒருவரின் போன் வந்தது: கடல் பொங்குகிறது, ஓடிவிடுங்கள். ஒருவர் காதில் விழுந்த செய்தியை ஊருக்கு எப்படிச் சொல்வது? மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், அலைச் செய்தி சொல்ல வைத்திருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர். வீடுகள் போயின, படகுகள் போயின. ஊரில் ஓர் உயிர் போகவில்லை.

போன் ஒருவரிடம் வந்தது. ஊரைக் காப்பாற்றியது குழாய் ஒலிபெருக்கி. புது ஆப், புது போர்ட்டல் திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிடும்போதெல்லாம் இதில் ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது என்று தேடுவேன். பெரும்பாலும் இருக்காது.

இந்தக் குறை நீதிமன்றம் வரையும் போயிருக்கிறது. டிஜிட்டல் சேவைகளை எட்டும் உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்களில் ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் வெந்துபோனவர்களும் இருந்தார்கள். கண்ணைச் சிமிட்டினால்தான் உயிரோடு இருக்கிறீர்கள் என்று ஒப்புக்கொள்வோம் என்றது வங்கிக் கணக்குக்கான சரிபார்ப்பு முறை. அதை எழுதிய பொறியாளர் கொடியவராக இருந்திருக்க மாட்டார். எல்லோருக்கும் இமை இருக்கும் என்று நினைத்திருப்பார், அவ்வளவுதான்.

உங்களில் கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்தவர்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். நாளை நீங்கள் ஓடிபி பெட்டிக்கு முப்பது நொடி கெடு வைப்பீர்கள். சுருக்குப்பையின் முடிச்சை அவிழ்க்க எத்தனை நொடி ஆகும் என்று வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்டுவிட்டு வையுங்கள். மற்றவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறவர்கள். எண்ணைச் சத்தமாகப் படிக்காமல் இருக்கலாம். எதற்காக வந்த எண் என்று ஒரு வரி சொல்லலாம்.

அந்த அம்மாவின் கதையை முடிக்கவில்லை. வேலை முடிந்து இருவரும் ஒரே பஸ் ஸ்டாப்பில்தான் நின்றோம். "அந்தப் புள்ள ஆறு நம்பரு படிச்சானே, அது எதுக்குப்பா?" என்று கேட்டார். முப்பத்தோரு வருஷ சர்வீஸையும் திரட்டி விளக்க ஆரம்பித்தேன். "அப்ப அத அவன்கிட்ட சொல்லிருக்கக் கூடாதா?" என்றார். நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் பஸ் வந்துவிட்டது.