சின்னத்திரையில் ஒரு பிள்ளையின் துயரம்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



மன்னார் உப்புக்குளத்தில் பொழுதுபட்டு, கடற்காற்று சற்றுக் குளிரத் தொடங்கும் நேரத்தில் பெரும்பாலான வீடுகளில் தொலைக்காட்சி பேச ஆரம்பித்துவிடும். அப்படி ஒரு மாலையில் அயல்வீட்டுக்குப் போயிருந்தேன். நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் போகும் வயதுப் பெண்ணொருத்தி, கலைந்த தலையும் அழுத கண்ணுமாக வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். பின்னணியில் இடிமுழக்கம். அவளுடைய தாய் தலையில் அடித்துக்கொண்டு அலறுகிறாள். அத்துடன் அன்றைய பகுதி முடிந்தது.

நாடகம் பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மா பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "இனி இந்தப் பிள்ளையை ஆர் கலியாணம் கட்டுறது?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, இரக்கத்தோடுதான் சொன்னார். ஆனால் அவருக்குப் பக்கத்தில், கொப்பியை மடியில் வைத்தபடி பதினான்கு வயதுப் பேத்தியும் இருந்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை. நாளைக்கு அவளுக்கோ அவளுடைய சிநேகிதிக்கோ ஏதாவது நடந்தால், அதை வீட்டில் சொல்லலாமா, கூடாதா என்பதற்கு அந்த ஒரு வாக்கியத்திலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. இன்றைய என் பேச்சு அந்தப் பதிலைப் பற்றியதுதான்.

எங்கள் கரையில் தமிழ்நாட்டு நாடகம் புதிய விருந்தாளியல்ல. இலங்கையில் 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாஹினியும் வந்தன. ஆனாலும் உயர்ந்த கம்பத்தில் அன்ரனாவைக் கட்டி, அதை இந்தியப் பக்கம் திருப்பி வைத்தவர்கள் நாங்கள். தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் ஓடிய கப்பல் 1984 இல் நின்றது. காற்றலையில் வந்த கதைகள் நிற்கவில்லை. 1993 இல் சன் தொலைக்காட்சி தொடங்கியபின், நாளாந்தம் ஒளிபரப்பாகும் நெடுந்தொடர்கள் தமிழர் வாழும் தேசமெங்கும் பரவின. இன்று அந்தக் கதைகள் கைத்தொலைபேசிக்கும் வந்துவிட்டன. எனவே அவை எங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கின்றன என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

முதலாவதாக, மனச்சோர்வு. எங்கள் நாடகங்களில் மனச்சோர்வு என்றால் காதல் தோல்வி. காதல் தோல்வி என்றால் தாடி அல்லது தலையணை நனையும் அழுகை. ஆனால் பருவ வயதுப் பிள்ளையின் மனச்சோர்வு பல வேளைகளில் அழுகையாகவே வருவதில்லை. எரிச்சலாக வரும். தொட்டதற்கெல்லாம் சீறும் கோபமாக வரும். காரணம் தெரியாத தலையிடியாக, வயிற்றுவலியாக வரும். நித்திரை குழம்பும். விளையாட்டில் விருப்பம் போகும். கெட்டிக்காரப் பிள்ளையின் புள்ளிகள் இறங்கும். வீட்டார் அதைப் பார்த்துவிட்டு, "வாய் நீண்டு போச்சு", "சோம்பல் பிடிச்சிட்டுது" என்று ஏசுவார்கள். வைத்தியரிடம் கூட்டிப்போகலாம் என்று ஒருவர் சொன்னால், "விசர் எண்டு ஊர் சொல்லும்" என்று இன்னொருவர் வாயை அடைப்பார். நாடகத்தில் இந்தப் பிள்ளையை நாங்கள் கண்டதே இல்லை. கண்டிராத ஒன்றை வீட்டில் எப்படி அடையாளம் காண்பது?

இரண்டாவது, பாலியல் வன்முறை. இங்கே காட்சியைவிடச் சொல்லே பெரிய பகை. "கெடுத்துவிட்டான்" என்கிறோம். கெடுத்தவன் அவன், ஆனால் கெட்டுப்போனவள் அவள் என்று அந்தச் சொல் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. "மானம் போய்விட்டது" என்கிறோம். குற்றம் செய்தவனுடைய மானம் அல்லவா போயிருக்க வேண்டும்? இந்தச் சொற்களின் மேல்தான் எத்தனையோ நாடகங்களின் கதை கட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அங்கே இரண்டு வழிகள்தான். ஒன்று, சாக வேண்டும். மற்றது, தனக்குக் கொடுமை செய்தவனையே கைப்பிடிக்க வேண்டும். ஆறி எழுந்து, படித்து, சிரித்து வாழ்வது என்ற மூன்றாவது வழியை அவர்கள் எழுதுவது அருமை.

தமிழ் இலக்கியம் இந்தக் கேள்வியைச் சின்னத்திரைக்கு முன்பே கேட்டுவிட்டது. 1966 இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையை நேயர்கள் அறிவீர்கள். மழை நாளில் முன்பின் அறியாத ஒருவனுடைய காரில் ஏறிய கல்லூரி மாணவி, குலைந்து வீட்டுக்கு வருகிறாள். தாய் முதலில் துடித்தாலும், பிறகு மகளைக் குளிப்பாட்டி, அவளிடம் அழுக்கு எதுவுமில்லை என்று தேற்றி ஏற்றுக்கொள்கிறாள். அந்த முடிவு அன்று பெரிய வாதத்தைக் கிளப்பியது. பின்னர் அதே ஜெயகாந்தன், அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊர் அறியக் கதறியிருந்தால் என்னவாகும் என்று யோசித்து ஒரு நாவல் எழுதினார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு அதற்குக் கிடைத்தது. 1977 இல் பீம்சிங் அதைத் திரைப்படமாக்கினார்.

இரண்டிலும் பெண்ணுக்கு நடந்த கொடுமை ஒன்றுதான். சிறுகதையில் அவளுக்கு வீடு இருக்கிறது. நாவலில் கங்காவுக்கு வீடு இல்லாமல் போகிறது. அண்ணன் துரத்துகிறான், ஆதரவு தந்த மாமனும் அவளைத் தப்பான கண்ணால் பார்க்கிறான். வேறுபாடு எங்கே தொடங்கியது? செய்தியை முதலில் கேட்டவள் என்ன செய்தாள் என்பதில். இதை இன்றைய நாடக எழுத்தாளர் எத்தனை பேர் படித்தார்களோ தெரியாது. அவர்களுடைய கமரா வன்முறை செய்தவனின் பின்னால் போகிறது, அழுகிறவளின் கண்ணீரை நெருங்கிப் பார்க்கிறது. முதலில் கேட்பவரிடம் போய் நிற்பதில்லை.

மூன்றாவது, தற்கொலை. இதில் மிகுந்த நிதானம் வேண்டும். எந்த நாடகத்தில் எப்படி இறந்தார்கள் என்ற விவரத்தை நான் சொல்லப்போவதில்லை. அந்த விவரம்தான் ஆபத்து என்பதை உலகம் பட்டு அறிந்திருக்கிறது.

1774 இல் ஜேர்மனியக் கவிஞர் கதே, வெர்தர் என்ற இளைஞனின் துயரத்தை நாவலாக எழுதினார். காதல் கைகூடாமல் அவன் உயிரை விடுகிறான். அதைப் படித்த இளைஞர்கள் அவனைப் போலவே செய்கிறார்கள் என்ற அச்சத்தில் லைப்சிக் நகரம் அந்நூலைத் தடைசெய்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின், 1974 இல், அமெரிக்க ஆய்வாளர் டேவிட் பிலிப்ஸ் இப்படிப் பார்த்துச் செய்வதற்கு 'வெர்தர் விளைவு' என்று பெயரிட்டார். 1981 இல் மேற்கு ஜேர்மனித் தொலைக்காட்சி ஒரு மாணவனின் மரணத்தைப் பற்றி ஆறு பகுதி நாடகம் ஒன்றை ஒளிபரப்பியது. 1982 இல் மறுபடி காட்டியது. அது பொறுப்போடு எடுக்கப்பட்ட நாடகம்தான். ஆனாலும் ஒவ்வொரு பகுதியும் அந்த மரணத்துடனே தொடங்கியது. முதல் ஒளிபரப்பையொட்டி, 15 முதல் 19 வயதுவரையான ஆண்பிள்ளைகளிடையே அதே முறையிலான மரணங்கள் 175 சதவீதம் வரை கூடியதாக ஷ்மிட்கே, ஹெஃப்னர் என்ற இரு ஆய்வாளர்கள் 1988 இல் எழுதினார்கள். நாடகத்து மாணவனின் வயதுக்கு நெருங்கியவர்களையே அது அதிகம் தாக்கியிருந்தது.

எங்கள் காலத்து உதாரணம் 2017 மார்ச் மாதம் நெற்ஃபிளிக்ஸில் வெளியான அமெரிக்கத் தொடர், 'பதின்மூன்று காரணங்கள்'. ஜே ஆஷர் 2007 இல் எழுதிய நாவலைத் தழுவியது. ஹானா என்ற பள்ளி மாணவி இறந்தபின், அவள் பதிவுசெய்து வைத்த கசெற்றுகள் ஒவ்வொருவராகக் கைமாறுகின்றன. கேலியும் பாலியல் வன்முறையும் ஒரு பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்று காட்டியதற்காகப் பலர் அதைப் பாராட்டினார்கள். ஆனால் அந்தத் தொடர் அவளுடைய முடிவை முழு விவரத்தோடு காட்டியது. நியூசிலாந்து அதற்கென்றே ஒரு புதிய வகைப்பாட்டை உருவாக்கி, பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர் பெரியவரோடு இருந்தே பார்க்க வேண்டும் என்றது. அந்த ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவில் 10 முதல் 17 வயதினரின் தற்கொலை வீதம் 28.9 சதவீதம் கூடியிருந்தது என்று 2019 இல் ஓர் ஆய்வு சொன்னது. அதைத் தொடரின் விளைவென்று தீர்த்துச் சொல்ல முடியாது என மறுத்த ஆய்வாளரும் உண்டு. எப்படியோ, 2019 ஜூலையில் அந்தக் காட்சி நீக்கப்பட்டது. வெளியாகி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சென்றபின்!

காட்சியை விடவும் என்னை உறுத்தியது கதையின் அமைப்பு. கடைசியில் ஹானா பள்ளி ஆலோசகரிடம் போகிறாள். அவர் சரியாகக் கேட்கத் தெரியாதவர். நடந்ததை விட்டுவிட்டு முன்னே போ என்கிற பாணியில் பேசுகிறார். அவள் எழுந்து போகிறாள். உயிரோடு இருந்தபோது ஒருவரும் கேட்காத அவள் குரலை, இறந்தபின் எல்லோரும் கேட்கிறார்கள். பார்க்கும் பிள்ளைக்கு அது என்ன பாடம்? செத்தால்தான் கேட்பார்கள் என்பதல்லவா? இது பொய். இறந்தவருக்கு எதுவும் கேட்காது. எவர் அழுதார், எவர் திருந்தினார் என்று பார்க்க அவர் இருக்கமாட்டார்.

எங்கள் நெடுந்தொடர்களில் இந்தப் பொய் இன்னும் மலிவாக விற்கப்படுகிறது. கலியாணத்துக்குச் சம்மதம் வாங்க, சொத்தை எழுதி வாங்க, கணவனை வழிக்குக் கொண்டுவர என்று எல்லாவற்றுக்கும் சாவு மிரட்டல் ஒரு கருவி. அது நாடகத்தில் பலிக்கவும் செய்கிறது. இலங்கையில் பிறந்த எங்களுக்கு இது விளையாட்டல்ல. 1995 இல் இந்நாட்டில் தற்கொலை வீதம் ஒரு லட்சம் பேருக்கு 47 ஆக இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அது பெருமளவு குறைந்து, அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ 15 என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. 1998 இல் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டமும் நீக்கப்பட்டது.

நேயர்களே, இந்தக் கணக்கில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. அந்த ஆண்டுகளில் இந்நாட்டில் போர் இருந்தது, இடப்பெயர்வு இருந்தது, வறுமை இருந்தது. துயரம் குறையவில்லை, ஆனாலும் சாவு குறைந்தது. ஏனென்றால் எங்கள் நாட்டில் பலர் நீண்ட நாள் யோசித்து அந்த முடிவுக்கு வருவதில்லை. ஒரு சண்டை, ஓர் ஏச்சு, ஒரு கணத்து ஆவேசம். கொல்லும் பொருள் கைக்கெட்டாமல் போனால், பக்கத்தில் ஒருவர் இருந்தால், அந்தக் கணம் கடந்துவிடும். கடந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிறகு வாழவே செய்கிறார்கள். நாடகம் அதைத் தவிர்க்க முடியாத விதியாக, பெரிய தியாகமாகக் காட்டுகிறது. உண்மையில் அது தவிர்க்கக்கூடிய, கடந்துபோகக்கூடிய ஒரு நேரம்.

அப்படியானால் இவற்றையெல்லாம் நாடகத்தில் தொடவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. பேசாத இடத்தில்தான் கொடுமை வளர்கிறது. 2022 இல் வெளியான, புஷ்கர், காயத்ரி எழுதிய 'சுழல்' என்ற தமிழ்த் தொடர், காணாமற்போன ஒரு பெண்பிள்ளையைத் தேடித் தொடங்கி, குடும்பத்துக்குள்ளேயே நடக்கும் பாலியல் கொடுமையில் போய் நிற்கிறது. தெருவில் வரும் அந்நியனையே காட்டிப் பழகிய எங்கள் திரைக்கு அது தேவையான மாற்றம். ஏனென்றால் பிள்ளைகளுக்குக் கொடுமை செய்பவர்களில் பெரும்பாலோர் பிள்ளைக்குத் தெரிந்தவர்களே.

வெர்தருக்கு மறுபக்கமும் உண்டு. மோசார்ட்டின் இசைநாடகம் ஒன்றில் பாப்பகேனோ என்ற பறவை பிடிப்பவன் உயிரை விடப் போகிறான். மூன்று சிறுவர் வந்து வேறு வழி இருக்கிறது என்று நினைவூட்ட, அவன் பிழைத்துக்கொள்கிறான். துயரத்தைக் கடந்து வந்தவர்களின் கதையைச் சொன்னால் அது கேட்பவரைக் காக்கக்கூடும் என்று 2010 இல் வியன்னா ஆய்வாளர்கள் கண்டு, அதற்கு அவன் பெயரையே வைத்தார்கள். திரைக்கதை எழுதுவோருக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. அதன் சாரம் எளியது: சாகும் முறையைக் காட்டாதீர்கள், உதவி கேட்பதையும் உதவி கிடைப்பதையும் காட்டுங்கள்.

நாடகம் எழுதுவோரிடம் நான் கேட்பதும் அதுதான். வாசலில் வந்து நிற்கும் அந்தப் பிள்ளையை இடிமுழக்கத்தோடு விட்டுவிடாதீர்கள். கதவைத் திறந்தவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். "உன்னில் பிழை இல்லை" என்று ஒரு தாய் சொல்வதை ஒரு முழுக் காட்சியாக எழுதுங்கள். பிள்ளையை ஆஸ்பத்திரிக்கும் பொலிசுக்கும் கூட்டிப்போகும் மாமியை எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பிள்ளை மறுபடி பள்ளிக்கூடம் போகும் காலையை எழுதுங்கள்.

அவர்கள் எழுதும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாடகம் பார்க்கும்போது நாங்கள் வாய்விட்டுச் சொல்லும் வார்த்தைகள் எங்கள் கையில் இருக்கின்றன. சில நாள் கழித்து அதே அம்மம்மாவிடம் மெதுவாக இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் அப்பிடியே சொன்னனான்? பிள்ளையும் கேட்டிருக்கும்" என்றார். அன்று இரவு பேத்தியிடம் அவர் என்ன கதைத்தார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவுமில்லை. அது அவர்களுக்கிடையில் இருக்கட்டும்.

பாரத்தோடு இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை யாராவது இருந்தால், ஒன்று சொல்கிறேன். முதலில் சொன்னவர் கேட்கவில்லை என்றால், இரண்டாமவரிடம் சொல்லுங்கள், மூன்றாமவரிடமும் சொல்லுங்கள். இலங்கையில் 1926 என்ற எண்ணில் தேசிய மனநல உதவிச் சேவையும், 1929 என்ற எண்ணில் சிறுவர் பாதுகாப்புக்கான உதவிச் சேவையும் இருக்கின்றன. கேட்பதற்கு ஆள் உண்டு.