கணக்கில் ஒத்துவராத ஒளி
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் விஞ்ஞானம் பேசத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் அவர்களும் 1907 முதல் பத்தாண்டுகள் அரசாங்க நிதித் துறையில் அலுவல் பார்த்தவரே. கல்கத்தாவில் அலுவலகம் செல்லுமுன்னும் திரும்பிய பின்னும் பௌபஜார் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1928இல் அங்கேயே தம் பெயர் தாங்கிய விளைவைக் கண்டார்.

ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறுகிறது. அம்மாற்றம் அப்பொருளின் மூலக்கூறு இன்னதென்று காட்டிக்கொடுக்கும். ஆனால் அப்பங்கு ஏறத்தாழக் கோடியில் ஒன்றே. உலோகத்தின்மேல் ஒற்றை அடுக்காய் ஒட்டியவற்றை இதனால் காண்பது அரிது என்றே எண்ணினர்.

1974இல் இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனில் பிளைஷ்மன், ஹெண்ட்ரா, மக்குவில்லன் மூவரும் பிரிடின் கலந்த நீரில் வெள்ளி மின்வாயை வைத்து, மின்சாரத்தை முன்னும் பின்னுமாகப் பலமுறை செலுத்தினர். வெள்ளி கரைந்து கரைந்து மீண்டும் படிந்தது. அதன் முகத்தில் நுண்துகள்கள் வளர்ந்தன. சிதறிய ஒளி வலுவாய் வந்தது. பரப்புப் பெருகியது, ஒட்டிய மூலக்கூறுகளும் பெருகின என்று அவர்கள் விளக்கினர். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது.

1977இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜீன்மேரும் வான் டைனும் கணக்கிட்டுப் பார்த்தனர். வரவும் செலவும் ஒத்துவரவில்லை! ஒளியோ இலட்சம் முதல் பத்து இலட்சம் மடங்கு மிகுந்திருந்தது. பரப்பு அவ்வளவு பெருகவில்லை. அதே ஆண்டு ஆல்பிரெக்ட், கிரெய்ட்டன் இருவரும் இங்கிலாந்தில் இதையே கூறினர். வெள்ளித் துகள்களிலுள்ள எலெக்ட்ரான்கள் ஒளியோடு ஒருசேர ஊசலாடி, அருகிலுள்ள ஒளியை வலுப்படுத்துகின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1997இல் ஒரே ஒரு மூலக்கூறையும் இம்முறையால் கண்டனர்.

பல ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு நம் கணக்கில் 90 ரூபாய் மிகுந்தது. களைப்பினால் அதைப் பல்வகை வரவென்று எழுதிவிட்டு வீடு திரும்பினோம். மறுமாதம் ஓய்வுபெற்ற கேங்மேன் ஒருவர் சீட்டுடன் வந்து நின்றார். அவருக்குரிய 540 ரூபாய்க்கு 450 கொடுத்திருந்தோம். ஐந்தும் நான்கும் இடம் மாறியிருந்தன. அவர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அதுவே நம்மை இன்றும் சுடுகிறது.

ஆகவே இளைஞர்களே, கணக்கு ஒத்துவராதபோது அதை மூடி மறையாதீர்கள். ஒத்துவராத இடத்தில்தான் ஒரு ஏழையின் பணமோ, உலகம் அறியாத உண்மையோ காத்திருக்கிறது.