இதயத்தைப் பார்ப்பதும் அளப்பதும்



ஒரு பள்ளி இயற்பியல் ஆசிரியரின் நினைவாக நாம் இங்கே கூடியிருக்கிறோம். அவரிடம் படித்தவர்கள் என்னிடம் சொன்னது இது. ஒரு குவளையில் கிணற்று நீரும் இன்னொன்றில் கோவளத்துக் கடல்நீரும் எடுத்து, இரண்டிலும் கம்பிகளை விட்டு, மீட்டர் முள் எதில் அதிகம் நகர்கிறது என்று பார்க்கச் சொல்வாராம். முள் நகரவே இல்லையென்றால், "தண்ணீரைக் குறை சொல்வதற்கு முன்னால் கம்பியைப் பார்" என்பாராம். அந்த இரண்டு குவளைகளிலிருந்தே நானும் தொடங்குகிறேன்.

சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம் பக்கம் போர் போடும் முன் இதே வழியில் நீரோட்டம் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நான்கு கம்பிகளை வரிசையாகத் தரையில் அடிப்பார்கள். வெளிக்கம்பிகள் வழியே மின்னோட்டம் செலுத்தி, உள்கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். கம்பிகளின் இடைவெளியைக் கூட்டக் கூட்ட, இன்னும் ஆழத்திலிருந்து சேதி வரும். பாறை மின்சாரத்தைத் தடுக்கும், உவர்நீர் விட்டுக்கொடுக்கும்.

மனித மார்பிலும் இதையே செய்யலாம். மார்பைச் சுற்றி ஒரு பட்டை, அதில் 16 எலெக்ட்ரோடுகள். சில மில்லியாம்பியர் அளவுள்ள மின்னோட்டம், ஏறத்தாழ 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் செல்கிறது. அந்த வேகத்தில் மாறும் சிறு மின்னோட்டத்தை நரம்பு உணர்வதில்லை. அந்த அதிர்வெண்ணில் இரத்தத்தின் கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 0.7 சீமென்ஸ், காற்று நிறைந்த நுரையீரலுக்குச் சுமார் 0.1 தான். நம் உடம்பின் கடல்நீர் இரத்தம். இதயம் சுருங்கி இரத்தம் இடம் மாறும்போது, தோலின் மேல் உள்ள மின்னழுத்தமும் மிக நுட்பமாக மாறுகிறது. அந்த மாற்றங்களைக் கொண்டு உள்ளே நடப்பதை வரைவதே மின் எதிர்ப்புப் பிம்பமுறை. 1980-களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பார்பர், பிரவுன் ஆகிய இருவரும் இதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அடுத்தடுத்த எலெக்ட்ரோடு இணைகளில் மின்னோட்டம் செலுத்தி அளந்தால் ஒரு சுற்றுக்கு 208 அளவுகள் கிடைக்கும். அவற்றில் பாதி, மற்ற பாதியையே திரும்பச் சொல்லும். புதுச்சேதி தருபவை 104 மட்டுமே. முழு மார்பின் கதையையும் இந்த 104 எண்களிலிருந்து நாம் ஊகிக்க வேண்டும்.

முடியுமா? இந்தக் கேள்வியைக் கணிதமாக எழுதியவர் ஆல்பெர்ட்டோ கால்டெரோன். இளமையில் அர்ஜென்டினாவின் அரசு எண்ணெய் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தபோது அவருக்கு எழுந்த கேள்வி, 1980-இல்தான் அச்சேறியது. விளிம்பில் எல்லா அளவுகளும் பிழையின்றிக் கிடைத்தால் உள்ளிருப்பது ஒன்றே என்று, முப்பரிமாணத்துக்கு 1987-இல் சில்வெஸ்டரும் உல்மனும் நிறுவினார்கள். மறு ஆண்டே அலெஸ்ஸான்ட்ரினி இதன் மறுபக்கத்தைக் காட்டினார்: அளவில் நேரும் சிறு பிழை, பிம்பத்தில் பெரும்பிழையாக வீங்கும். எக்ஸ்ரே நேர்க்கோட்டில் போகும்; மின்னோட்டமோ வழி கிடைத்த பக்கமெல்லாம் பரவும். ஆகவே எலெக்ட்ரோடுகளை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் படம் அந்த அளவுக்குத் தெளியாது.

இதயத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. மூச்சால் வரும் மாற்றம் இதயத்தால் வருவதைப் போலப் பத்து மடங்கு. மேலும், துடிக்கும் இதயம் இடம் அசைகிறது. இரத்தம் கூடியதா, இதயம் நகர்ந்ததா என்று பிரிப்பது கடினம். நோயாளி புரண்டு படுத்தாலும், பட்டையின் ஜெல் உலர்ந்தாலும் எண்கள் மாறிவிடும்.

இந்த நிலையை மேம்படுத்த வழிகள் உண்டு. இ.சி.ஜி.யை உடன் வைத்து, ஒவ்வொரு துடிப்பையும் ஒரே தொடக்கப் புள்ளியில் அடுக்கிச் சராசரி எடுக்கலாம். 100 துடிப்புகளைச் சேர்த்தால் தற்செயல் இரைச்சல் பத்தில் ஒன்றாகும். துடிப்போடு இணையாத மூச்சும் பெரிதும் கழிந்துபோகும். ஆனால் சீரற்ற துடிப்புள்ளவரிடம் அந்தச் சராசரியே உண்மையை மறைத்துவிடும். நோயாளிக்கு ஏற்கெனவே எடுத்த சி.டி. ஸ்கேனிலிருந்து அவர் மார்பின் வடிவத்தைக் கணக்குக்குள் கொண்டுவரலாம். பன்றிகளில் நடந்த ஆய்வில், நாடியலை பெருந்தமனியைச் சேரும் நேரத்தைப் பிம்பத்திலிருந்து எடுத்து, இரத்த அழுத்தத்தை மதிப்பிட்டார்கள். எனக்கு மிகப் பிடித்த வழி இதுதான். சிக்னலின் உயரம் உடல்வாகுக்கும் பட்டைக்கும் தக்கபடி மாறும். அது எப்போது எழுந்தது என்பது அவ்வளவு எளிதில் மாறாது.

நான் வலியுறுத்த வந்தது ஒன்றுதான். இந்த முறையிடம் இதயத்தின் அழகிய படத்தைக் கேட்காதீர்கள். படத்துக்கு எக்கோ என்னும் ஒலியலைப் பரிசோதனை இருக்கிறது. ஆனால் எக்கோ எடுக்கத் தேர்ந்த கை வேண்டும். அந்தக் கை இரவு முழுவதும் ஒரு படுக்கையருகே நிற்க முடியாது. 1970-இல் வந்த ஸ்வான்–கான்ஸ் குழாய், இதயம் தள்ளும் இரத்தத்தின் அளவுக்கு நல்ல எண் தரும். ஆனால் அதைச் சிரை வழியே இதயத்தைக் கடந்து நுரையீரல் தமனி வரை செலுத்த வேண்டும். குபிசெக் 1966-இல் வகுத்த இம்பீடன்ஸ் கார்டியோகிராஃபி முறையும், அதே அடிப்படையில் நம் பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய கருவியும் உடலைத் துளைக்காமல் எண் தந்தன; ஆனால் மார்பின் எந்த இடத்திலிருந்து அந்த எண் வந்தது என்று பிரித்துச் சொல்லவில்லை. இடத்தையும் எண்ணையும் இரவு முழுவதும், கதிர்வீச்சின்றித் தருவதே இந்தப் பட்டையின் வேலை. மாற்றத்தை அளக்கச் சொன்னால் அது திறமாகச் செய்யும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான மாதிரி மார்புகளில் பழகிய நிரல், மங்கலான தரவிலிருந்தும் தெளிவான இதயத்தை வரைந்துவிடும். அந்தத் தெளிவு நோயாளியிடமிருந்து வந்ததா, பழகிய மாதிரியிலிருந்து வந்ததா? அதைச் சொல்லத் தெரியாத நிரலைப் படுக்கையருகே அனுமதிக்கக் கூடாது.

இந்த வேலைக்கு வேண்டிய எல்லாம் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன. செங்கற்பட்டில் பள்ளிப்படிப்பு படித்த கணித அறிஞர் சி. எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கிய சென்னை கணிதவியல் நிறுவனம் இதே சிறுசேரியில் இருக்கிறது. மென்பொருள் எழுதுவோர் அங்குள்ள சிப்காட் பூங்காவில் இருக்கிறார்கள். கேளம்பாக்கத்திலும் செங்கற்பட்டிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. கணக்கறிந்தவரும் நிரல் எழுதுபவரும் ஒரு முறையாவது தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப்பணியில் இருக்கும் செவிலியரின் அருகே உட்கார வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அந்தச் செவிலியருக்கு வேண்டியவை இரண்டு. இதயம் தள்ளும் இரத்தம் ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்திருக்கிறதா? குறைந்ததாகக் கருவி காட்டினால், குறைந்தது இரத்தம்தானா, பட்டை நழுவியதா? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் கருவியையே முதல் கேள்விக்கும் நம்பலாம்.

தண்ணீரைக் குறை சொல்வதற்கு முன்னால் கம்பியைப் பார்க்கச் சொன்னார் ஆசிரியர். நாம் செய்யப்போகும் கருவிக்கும் அதைக் கற்றுக்கொடுப்போம்.